காற்றாலை மின்சாரம்: விலையைக் குறைக்கச் சொன்ன திருப்பதி கடிதங்கள்

புது தில்லி: திருப்பதி என்றால் தமிழர்களுக்கு ஏழுமலையான் நினைவுக்கு வருவார். காற்றாலை, சூரிய மின் நிலையங்களை நடத்துவோருக்கு நினைவுக்கு வருவது அங்கு தலைமையகம் கொண்டுள்ள ஆந்திரப் பிரதேச தெற்கு மின் விநியோக நிறுவனம். சித்தூர் முதல் கர்நூல் வரை, வறண்ட ராயலசீமைக்கு மின்சாரம் வழங்குவது இந்த அரசு நிறுவனமே.

ஆந்திரத்தின் காற்றாலைகளில் பெரும்பாலானவை இப்பகுதியில்தான் உள்ளன. பழைய 25 ஆண்டு ஒப்பந்தங்களின்படி காற்றாலை மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ரூ. 4.80-க்கும் மேல் தர வேண்டும். ஆனால், 2017-ஆம் ஆண்டு ஏலங்களில் காற்றாலை மின்சாரம் ரூ. 2.43-க்கும், சூரிய மின்சாரம் ரூ. 2.44-க்கும் இறங்கிவிட்டன.

2019-இல் ஆட்சிக்கு வந்த ஜெகன்மோகன் ரெட்டி அரசு, ஜூலை 1-ஆம் தேதி உயர்நிலைப் பேச்சுக் குழுவை அமைத்தது. ஜூலை 12-இல் உற்பத்தியாளர்களுக்குத் திருப்பதியிலிருந்து கடிதங்கள் சென்றன: ஏல விலைக்கு இறங்குங்கள், இல்லையேல் ஒப்பந்தம் ரத்து!

மாநிலத்தின் வாதத்தை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. காற்று பலமாக வீசும் மாதங்களில் அனல் மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைத்தாலும், அவற்றுக்கான நிலைக் கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். காற்று நின்றால் அதே நிலையங்களைத்தான் நாட வேண்டும். சித்தூர் விவசாயமோ ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. பம்புசெட்டுகளுக்கு 2004 முதல் இலவச மின்சாரம். இத்தனை செலவும் ஒரே நிறுவனத்தின் கணக்கில்தான் சேருகிறது.

ஆனால், விலை அதிகம் என்பது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகுமா? இப்படிச் செய்தால் முதலீட்டாளர்கள் நம்பிக்கை இழப்பர் என்று அப்போதைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங் மாநில அரசுக்குக் கடிதம் எழுதினார். அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் மின்சாரம் இருந்தாலும், ஒப்பந்தம் மாநில நிறுவனத்துடையது. தில்லியால் உடனடியாகச் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவது மட்டுமே.

2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அரசாணையையும் கடிதங்களையும் ரத்து செய்தார். எனினும், விலை விவகாரத்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பி, அதுவரை ரூ. 2.43, ரூ. 2.44 வீதம் வழங்கினால் போதும் என்றார். அரசு கேட்ட விலை இடைக்கால விலையாகிவிட்டது. உற்பத்தியாளர்களின் வங்கிக் கடன் தவணை மட்டும் குறையவில்லை.

2022 மார்ச் 15-இல்தான் டிவிஷன் பெஞ்ச் அந்த ஏற்பாட்டை நீக்கி, ஒப்பந்த விலைப்படி நிலுவையை ஆறு வாரங்களில் வழங்க உத்தரவிட்டது.

தமிழகத்துக்கு இந்தத் தகராறு அன்னியமானதல்ல. இங்கு சூரிய மின் நிலையங்களை நிறுத்திவைக்க உத்தரவிடப்பட்ட வழக்கில், மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வணிகக் காரணத்துக்காக நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும் என 2021 ஆகஸ்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. அதே அக்டோபரில் மத்திய அரசும் அந்த அடிப்படையில் விதிகளை வெளியிட்டது.

நிலுவைக்கு 2022 ஜூனில் வேறொரு விதி வந்தது. விநியோக நிறுவனங்கள் பழைய பாக்கியை 48 மாதத் தவணைகள் வரை பிரித்துச் செலுத்தலாம். அந்தத் தவணைக்கான பணம் மின் கட்டணத்திலிருந்தோ அரசு மானியத்திலிருந்தோதான் வர வேண்டும்.