தொலைநோக்கி பழசு!

1809 டிசம்பர். தென்சீனக் கடலில் கொள்ளையரிடம் சிக்கியிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதிகாரி ரிச்சர்ட் கிளாஸ்பூலையும் அவரது ஆட்களையும் மீட்கப் பணயப் பொருட்கள் வந்து சேர்ந்தன. வெள்ளி டாலர்கள், துணிப் பொதிகள், அபின் பெட்டிகள், வெடிமருந்து, ஒரு தொலைநோக்கி. எல்லாவற்றையும் பார்வையிட்ட கொள்ளையர், தொலைநோக்கி பழசு என்று முகம் சுளித்தார்கள். புதிது வர வேண்டும், இல்லையென்றால் நூறு டாலர். அதுவரை ஓர் ஆள் இங்கேயே இருக்கட்டும்!

பேரத்தில் இவ்வளவு கறாரான கூட்டம்தான் செங்கொடிப் படை. தளபதி சாங் பாவ். ஹாங்காங் மக்களுக்கு சியுங் போ சாய்.

மீனவர் வீட்டுப் பிள்ளை. பதினைந்து வயதில் அவரைப் பிடித்துச் சென்ற கொள்ளையர் தலைவர் செங் யி, பிறகு வளர்ப்பு மகனாக்கிக்கொண்டார். 1807-இல் செங் யி இறந்ததும் தலைமை அவர் மனைவி செங் யி சாவ் கைக்கு வந்தது. செங்கொடிப் படையை அவர் சாங் பாவிடம் ஒப்படைத்தார். பின்னாளில் அவரையே மணந்தார்.

அந்தப் படையில் கொள்ளைப் பொருள் ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். பத்தில் இரண்டு பங்கு பிடித்தவருக்கு, மீதி எட்டு பொதுக் களஞ்சியத்துக்கு. ஒளித்தவன் தலை தப்பாது. உப்புப் படகுகள்கூடக் காசு கொடுத்துப் பாதுகாப்பு வாங்கித்தான் கான்டனுக்குப் போயின.

1810 தொடக்கத்தில் இன்னொரு கொள்ளைக் கூட்டமான கருங்கொடிப் படையின் தலைவர் குவோ போதாய் சீன அரசிடம் சரணடைந்தார். அடுத்து சாங் பாவும் பேச்சுக்கு வந்தார். கப்பல்களை விட மாட்டேன் என்றதில் முதல் பேச்சு முறிந்தது. ஏப்ரலில் செங் யி சாவ், பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் கூட்டிக்கொண்டு, ஆயுதமின்றித் தலைமை ஆளுநர் பாய் லிங்கின் மாளிகைக்கே போய்விட்டார்.

பேரம் படிந்தது. 17,318 பேர், 226 கப்பல்கள், 1,315 பீரங்கிகள் அரசிடம் வந்தன. சாங் பாவுக்கு மன்னிப்போடு படை அதிகாரிப் பதவியும் கிடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களும் அவரிடமே தங்கின. அதே ஆண்டில் பழைய கூட்டாளி வூஷி அர்ரை வேட்டையாட அரசுப் படையோடு கிளம்பினார். கடலின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவர் அல்லவா!

பதவி உயர உயர அதிகார வர்க்கம் முணுமுணுத்தது. முன்னாள் கொள்ளையருக்கு இதற்கு மேல் உயர்வு கூடாது என்று 1820-இல் பேரரசருக்கு எழுதினார் லின் செஷு, பின்னாளில் அபினை அழித்துப் புகழ்பெற்ற அதே லின். இரண்டு ஆண்டுகளில், நாற்பதைத் தொடும் முன்பே, பெங்ஹு தீவுகளில் அதிகாரியாக இருந்தபடியே சாங் பாவ் இறந்தார்.

1840-இல் செங் யி சாவ் ஒரு மனுப் போட்டார். நிலம் வாங்கித் தரச் சொல்லி 1810-இல் கணவர் ஓர் அதிகாரியிடம் கொடுத்த 28,000 தேல் வெள்ளி ஏப்பம் விடப்பட்டதாகப் புகார். மனு லின் செஷுவின் மேசைக்குப் போனது. அது தள்ளுபடியானது.