மெழுகில் ஒரு வீடு

கையளவு வீடு. மெழுகில் வார்த்தது. மும்பை மாஹிமில் உள்ள புனித மிக்கேல் ஆலயத்தின் வெளியே, புதன்கிழமைகளில் மெழுகுவர்த்திகளோடு இதுவும் விற்பனைக்கு வருகிறது. பக்கத்திலேயே மெழுகுக் குழந்தை, மெழுகுக் கை, கால். எது வேண்டுமோ அதை வாங்கிச் சகாய மாதாவுக்குக் காணிக்கையாக வைக்க வேண்டும். சமயபுரத்தில் கண்மலர் சாத்துகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வரிசையில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிற்பதில் இங்கே யாருக்கும் வியப்பில்லை.

அணுசக்தி நகரிலிருந்து வர இரண்டு ரயில் பிடிக்க வேண்டும். மான்குர்தில் ஏறி, செம்பூர் தாண்டி வடாலாவில் மாறினால், மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிளுக்கு அடுத்து மாஹிம். பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியர்களின் குடியிருப்பான அணுசக்தி நகரில் பள்ளி உண்டு, மரநிழல் உண்டு. ஆனால் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மும்பை விலையில் வீடு வாங்குவதா, ஊருக்கே திரும்பிவிடுவதா? வேலையின் கடைசி ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்களைத் தூங்கவிடாத கேள்வி இது. மாஹிமை அடுத்த தாராவியில் காத்திருப்பு இன்னும் நீளம். 2004-ல் மாநில அரசு அறிவித்த சீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் அதானி குழுமம் முந்தியதே 2022 நவம்பரில்தான். மெழுகு வீட்டுக்கு ஏன் கிராக்கி என்று கேட்க வேண்டியதில்லை.

இந்த ஆலயத்தின் தொடக்கம் 1534. இப்போதுள்ள கட்டடம் 1973-ல் எழுந்தது. ஆனால் கூட்டத்தை அழைத்து வந்தது நவநாள் வழிபாடு. பெல்ஃபாஸ்டில் அந்த வழிபாட்டைக் கண்டு திரும்பிய பாதிரியார் எட்வர்ட் பிளாசிடஸ் பெர்னாண்டஸ், 1948 செப்டம்பர் 8 அன்று இங்கே அதைத் தொடங்கினார். அன்று மாதாவின் பிறந்த நாள், கிழமை புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று வளர்ந்த தமிழர்களுக்குப் பொருத்தமான நாள்தான்.

தொடர்ந்து ஒன்பது புதன் வர வேண்டும் என்பது கணக்கு. வேண்டுதல்களும் நன்றிகளும் கடிதமாக வருகின்றன. அவற்றில் சிலவற்றை வாசிப்பது நவநாளின் வழக்கம். தன் கவலையோடு வந்தவர் அடுத்தவர் கவலையையும் கேட்கிறார். விசா கிடைக்காதவர், குழந்தை இல்லாதவர், குடிக்கும் கணவரோடு போராடுகிறவர். தான் மட்டுமல்ல என்று தெரிவதே பாதி ஆறுதல்.

இது பேரம் இல்லையா? மெழுகைக் கொடுத்து வீட்டைக் கேட்பது பக்தியா, வியாபாரமா? கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கேட்கப்படும் கேள்வி இது. பைபிள் நம்பிக்கையை வெறும் எதிர்பார்ப்பாகப் பார்ப்பதில்லை. ரோமையருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் போடும் வரிசையில் துன்பம் முதலில் வருகிறது; பிறகு பொறுமை, அதில் புடம்போட்ட மனம். நம்பிக்கை கடைசியில்தான். கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. கிடைக்காத நாளையும் கடந்துபோக முடியும் என்ற துணிவு இருக்கிறது.

அந்தத் துணிவுக்குச் சோதனை 2020 மார்ச்சில் வந்தது. கொரோனாவால் மகாராஷ்டிராவின் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. நவம்பரில் திறந்து, அடுத்த ஆண்டு மறுபடி மூடி, 2021 அக்டோபர் 7 அன்றுதான் மீண்டும் திறந்தன. மெழுகும் இல்லை, வரிசையும் இல்லை. ஜெபம் வீட்டுக்குள் போனது. கதவு திறந்ததும் புதன்கிழமைக் கூட்டம் திரும்பியது.

ஒன்பது வாரத்தில் மும்பையில் வீடு கிடைத்துவிடாது. அது வரிசையில் நிற்கிறவருக்கும் தெரியும். வங்கிக் கடனுக்கு மனுப் போட வேண்டும், தரகரைப் பார்க்க வேண்டும், மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வியாழக்கிழமை காலை அதற்கெல்லாம் எழுந்து கிளம்பும் தெம்பைத்தான் புதன்கிழமை தருகிறது.

மெழுகு வீடு உருகிவிடும். அடுத்த புதன் வரும்.