சூடேறிய பின் கிளம்ப மறுக்கும் வாட்டர் பம்ப்

வெங்காயப் பாத்தியில் பாதிக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும். பெற்றோல் முடிந்து மிசின் நிற்கும். கொஞ்சம் பொறுத்துப் பெற்றோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் கிளம்பாது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் முதல் இழுவையிலேயே கிளம்பும். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் நாலு குடும்பங்கள் ஒரு மிசினை முறைவைத்துப் பாவிக்கும்போது, இந்த ஒரு மணித்தியாலம் அடுத்தவரின் முறையைத் தின்றுவிடுகிறது. மனத்தாங்கலும் வருகிறது.

பலர் உடனே கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். நாங்களும் முன்பு அப்படித்தான் செய்தோம். முதலில் பெற்றோல் மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் போடவேண்டாம். வேறொரு பிளக்கை வயரில் கொளுவி, எஞ்சின் உடலில் ஒட்டிவைத்து, சூட்டிலும் நெருப்புப் பொறி வருகிறதா என்று பாருங்கள். இவை சரியாயிருந்து, குளிரில் இறுக்கமாக இருந்த கயிறு சூட்டில் இலகுவாக வந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம்.

வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் நெம்புக்கும் இடையில் மயிரளவு இடைவெளி உண்டு. சூட்டில் வால்வு நீள்வதற்கான இடம் அது. நாளடைவில் வால்வின் இருக்கை தேய, வால்வு உள்ளே இறங்கி, தண்டின் நுனி நெம்பை நெருங்கிவிடும். அப்போது குளிரில் மூடுகிற வால்வு சூட்டில் முழுதாக மூடாது. காற்று நெருங்காமல் கசிந்துபோகும். மண்ணெண்ணெயில் ஓடும் மிசின்களில் வால்வில் கரி படிந்தும் இதே கோளாறு வரும்.

இரவு முழுவதும் ஆறிய எஞ்சினிலேயே இதைச் செய்யவேண்டும். பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியையும் கஸ்கற் கிழியாமல் எடுங்கள். பிளக் துளையில் பெருவிரலை வைத்துக் கயிற்றை மெதுவாக இழுங்கள். உள்வால்வு திறந்து மூடிய பின் காற்று விரலைத் தள்ளும். தள்ளுவது நிற்கும் இடத்தில் இரண்டு நெம்பும் சற்றுத் தளர்ந்து ஆடும். அதுவே சரியான நிலை. (பிஸ்ரனைத் தேட ஈர்க்கு விடவேண்டாம்; முறிந்து உள்ளே விழும்.)

ஹொண்டா ஜீஎக்ஸ் 160 எஞ்சினுக்கு உள்வால்வு இடைவெளி 0.15 மி.மீ.; சைலன்சர் பக்கத்து வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. வேறு எஞ்சின்களுக்கு அவற்றின் கைநூலைப் பார்க்கவேண்டும். அளவுத் தகடு இரவல் வாங்க முடிந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சவரத் தகடு ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பதை வைத்துச் சமாளிக்கலாம். உள்வால்வில் ஒன்று நுழையவேண்டும், இரண்டு நுழையக்கூடாது. வெளிவால்வில் இரண்டு சேர்ந்து சற்று உரசியபடி நுழையவேண்டும். விரல் கவனம்.

பூட்டுச் சுரையைத் தளர்த்தி, நடுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அளவு வந்ததும் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு சுரையை இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு. ஆகையால் கயிற்றை இழுத்து, மறுபடி அதே நிலைக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். இங்கே பொறுமை இழந்தவர்களே மூடியை இரண்டாம் தடவை கழற்றுகிறார்கள்.

சில கிழமைகளிலேயே இடைவெளி மீண்டும் குறைந்தால் வால்வோ இருக்கையோ எரிந்திருக்கக்கூடும். கராச்சில் கொடுத்து வால்வு அரைக்கவேண்டும். வால்வு சிலிண்டரின் பக்கத்தில் உள்ள பழைய எஞ்சின்கள் பலவற்றில் திருகு கிடையாது. தண்டின் அடியை அராவியே இடைவெளியைக் கூட்டவேண்டும். அதையும் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். கூட அராவிவிட்டால் புது வால்வு வாங்கவேண்டி வரும்.