தூங்கும் மூக்கு
வீட்டுப் பொருள்களின் கதை – 17

2011-ஆம் ஆண்டு வேதியியலுக்கான இக் நோபல் பரிசை ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் வாங்கினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தருகிற பரிசு அது. இவர்கள் செய்தது ஒரு தீ அலாரம். அது சத்தம் போடாது, அறைக்குள் வசாபி நெடியைப் பீய்ச்சும். சூஷியோடு துளி தொட்டுக்கொண்டாலே மூக்கின் உச்சி வரை ஏறும் அந்தப் பச்சைக் காரம்தான். காது கேளாதவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வழி தேடியவர்கள் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

சிரித்தாயிற்று. இனி யோசிக்கலாம். எழுப்புவதற்கு இத்தனை காரம் எதற்கு? வீடே எரியும்போது அந்த நாற்றம் எழுப்பிவிடாதா?

எழுப்பாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்காடனும் ரேச்சல் ஹெர்ஸும் இதைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். தூங்குகிறவர்களின் மூக்கருகே புதினா வாசனையைக் காட்டினார்கள். குமட்டலெடுக்கும் பிரிடின் நாற்றத்தையும் காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தவர்கள் அசையக்கூட இல்லை. ஒலி எழுப்பியதும் விழித்துக்கொண்டார்கள். வசாபி வேலை செய்வது வாசனையால் அல்ல, எரிச்சலால். அது தொடுவது வேறு நரம்பை.

வீட்டுத் தீயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது நெருப்பல்ல, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை அது இன்னும் ஆழமான மயக்கத்துக்கு இழுத்துப் போகும். "புகை வந்தா நமக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விழித்திருந்தால் தெரியும்.

தூங்கும் மூக்குக்குப் பதிலாக விட்டத்தில் விழித்திருக்கும் கருவி பிறந்த கதையில் இரண்டு சிகரெட்டுகள் வருகின்றன. 1930-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் விஷவாயுவைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். அயனியாக்கிய காற்றின் வழியே சிறு மின்னோட்டம் போகும், விஷவாயு நுழைந்தால் அது மாறும் என்பது அவர் கணக்கு. வாயு நுழைந்தது, முள் அசையவில்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். முள் இறங்கியது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1960-களில், அமெரிக்காவின் கொலராடோவில் நிலைமின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியோடு மல்லாடிக்கொண்டிருந்தார் டுவான் பியர்சால். கூட வேலை பார்த்தவரின் சிகரெட் புகை பட்டு அவருடைய மீட்டரும் அதே மாதிரி விழுந்தது. அங்கிருந்துதான் பேட்டரியில் ஓடும் மலிவான வீட்டு அலாரம் வந்தது. அமெரிக்காவில் வீட்டுத் தீச் சாவுகளுக்கு நெடுங்காலம் முதல் காரணமாக இருந்ததும் அணையாத சிகரெட்தான்!

யேகர் வழி வந்த அயனி வகைக் கருவிக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியிலும் துளி இருக்கும். பயம் வேண்டாம், அதன் ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். இன்னொரு வகை, உள்ளே ஒரு ஒளிக்கற்றையை ஓடவிட்டு, அது புகைத் துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்க்கும். குபீரென்று பற்றும் தீயை அயனி வகை முந்திக்கொண்டு சொல்லும். மெத்தையிலும் சோபாவிலும் மணிக்கணக்கில் கனன்று புகைவதை ஒளி வகை முந்திச் சொல்லும். அயனி வகைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: சமையல் என்றாலே அலறும்.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். மிளகாய் வற்றலைத் தாளித்த கையோடு துண்டை எடுத்துக்கொண்டு அலாரத்துக்கு விசிற ஓடிய கதை வீட்டுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். சிலர் அதற்கு ஷவர் கேப் மாட்டிவிடுகிறார்கள். சிலர் பேட்டரியையே கழற்றி டிவி ரிமோட் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பேட்டரி இல்லாத அலாரம் இருப்பதைவிட அலாரமே இல்லாமல் இருப்பது மேல். இல்லாவிட்டால் பயமாவது இருக்கும்.

வேலை செய்யும் அலாரம் என்றால் என்ன என்பதை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மிகக் கொடூரமாகக் காட்டியது. 2022 ஜனவரி 9, ஞாயிறு காலை. 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்மாடிகளில் இருந்த ஒரு வீட்டில் மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. அந்த வீட்டார் தப்பி வெளியேறினார்கள். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு சாத்திக்கொள்ளவில்லை. தீ பெரிதாகப் பரவவில்லை, புகை படிக்கட்டு வழியே மேல்மாடிகளுக்கு ஏறியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள். அலாரங்கள் அடித்தன. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவை காரணமில்லாமல் அடிக்கடி அடிப்பவை. இதுவும் அப்படித்தான் என்று பலர் முதலில் இருந்துவிட்டார்கள். கருவி பழுதில்லை, அதன் மேல் இருந்த நம்பிக்கைதான் பழுதாகியிருந்தது. எரிச்சலூட்டும் அலாரத்தைச் சகித்துக்கொள்ளாமல், இடம் மாற்றியோ வகை மாற்றியோ சரிசெய்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். படுக்கையறைக்குள் ஒன்று, அதற்கு வெளியே நடையில் ஒன்று, மாடி இருந்தால் மாடியிலும் ஒன்று. சமையலறைக்கு அருகே வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒளி வகை.

நமக்கு இதெல்லாம் எதற்கு, நம் வீடுகள் காற்றோட்டமானவை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது ஏசிக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம். இரவு முழுக்க ஏதோ ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்கு அலாரம் கட்டாயம். தமிழ்நாட்டில் அடுக்குமாடியின் பொது நடையில் பார்க்கலாம், வீட்டுக்குள் அபூர்வம்.

வாங்கினால் மாதம் ஒருமுறை அதிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும். அதிலிருந்து பத்து ஆண்டுகள்தான் அதன் ஆயுள். அவ்வப்போது 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. பெற்றோர் பலர் அறியாதது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 34 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். வழக்கமான கீச்சொலி அலாரத்துக்கு 27 பேர் திரும்பத் திரும்ப எழவே இல்லை. பையன்கள் 14 பேரில் ஒருவன்கூட எழவில்லை. தாழ்ந்த ஒலியோடு, எழுந்திரு என்று சொல்லும் ஒரு பெண்குரலையும் சேர்த்தபோதுதான் நிலைமை மாறியது. அலாரம் அடிப்பது பெரியவர்களுக்காக. பிள்ளைகளை யார் போய் எழுப்புவது, பாட்டியை யார் கைப்பிடித்து அழைத்து வருவது, முன்வாசலில் புகை என்றால் வேறு எந்த வழி என்பதையெல்லாம் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம்: கேஸ் ரெகுலேட்டர்.

(தொடரும்)