ஒரு பிளக், இரண்டு சாக்கெட்

தேக்கா பக்கம் போனால் கடைக்காரர்களும், பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருக்கும் உறவுக்காரர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, இன்டர்நெட் போன் வந்துருச்சு. செவுத்துல ஓடுற பழைய டெலிபோன் வயரைப் புடுங்கிப் போட்டுடலாமா?"

வேண்டாம். அந்த வயர் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதில் ஓடும் குரல் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறதா, இணையப் பெட்டியிலிருந்து வருகிறதா என்பது வயருக்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்காரருக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் மாற்றினால் பெட்டி எரியும். மாற்றிய பிறகும் தெரியாமல் இருந்தால், கரண்ட் போன இரவில் ஆம்புலன்சைக் கூப்பிட முடியாது.

சிங்கப்பூரில் டெலிபோன் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயர் இழுத்த கை சும்மா இருக்காது என்பதால், கேட்பவர்களுக்கு இன்றும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் டெலிபோன் 1879-இலேயே வந்துவிட்டது. பென்னட் பெல் என்பவர் 50 இணைப்புகளோடு ஒரு தனியார் எக்ஸ்சேஞ்சை நடத்தினார். கிரகாம் பெல் காப்புரிமை வாங்கி மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1955-இல் டெலிபோன் வாரியம் அமைந்தது. 2000 ஏப்ரல் 1 அன்று தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. 2002 மார்ச்சில் வீட்டு எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கமானது. அப்போது சிராங்கூன் சாலைப் பெயர்ப்பலகைகளில் அந்த ஓர் ஆறு மட்டும் வேறு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஊருக்குப் பேச வேண்டுமானால் எண்ணுக்கு முன்னால் 001 போட்டால் தெளிவு, 019 போட்டால் மலிவு என்று கணக்குப் பார்த்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தொலைபேசி அட்டைகள் சுடச்சுட விற்றன. பிறகு 2010-இல் நாடு தழுவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பில் சேவை தொடங்கியது. மெல்ல மெல்ல வீட்டு டெலிபோனும் அதற்குள் நுழைந்துகொண்டது. இன்று பல வீடுகளில் "லேண்ட்லைன்" என்று சொல்லிக்கொள்வதே மோடத்தின் முதுகில் "டெல்" என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து வரும் இணைய அழைப்புதான். பெரியவர்களுக்கு இது தெரிவதில்லை. ரிசீவரை எடுத்தால் அதே "ங்ங்ங்" என்ற டோன்தானே கேட்கிறது?

செப்புக்கம்பியும் சின்னப் பெட்டியும்

பழைய லேண்ட்லைன் என்பது இரண்டே செப்புக்கம்பிகள். எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாக பேட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் நேர் மின்சாரம் உங்கள் வீடு வரை வரும். ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடிக்கொள்ளும். ஆள் பேசப் போகிறார் என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும். அழைப்பு வந்தால் அதே கம்பியில் சுமார் 75 வோல்ட் மாறு மின்சாரம் பாய்ந்து மணியடிக்கும். கம்பியைக் கையில் பிடித்து உறை சீவிக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால், சுர்ரென்று ஏறும். எங்கள் தொழிலில் அந்தச் சுர்ரை வாங்காதவர் கிடையாது.

இணையப் போனுக்கு அடாப்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். தனியாகவும் கிடைக்கும், மோடத்துக்குள்ளேயே அடங்கியும் வரும். எக்ஸ்சேஞ்ச் செய்த பல வேலைகளை அது வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிறது. டோன் தருகிறது, மணியடிக்கிறது, குரலைத் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்புகிறது. ஒரு அழைப்புக்கு, ஒரு திசையில், விநாடிக்கு 100 கிலோபிட் கூட ஆகாது. கண்ணாடியிழை வீட்டில் அது கண்ணுக்கே தெரியாத அளவு.

அடாப்டரில் நேராக ஒரு போனைச் செருகினால் அந்த ஒரு போன் மட்டும் வேலை செய்யும். அதன் "போன்" துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு டெலிபோன் சாக்கெட்டில் செருகினால், வீட்டில் உள்ள எல்லா சாக்கெட்டுகளும் உயிர் பெறும். வெளியிலிருந்து உள்ளே வந்த லைன், இப்போது உள்ளேயிருந்தே எல்லா அறைகளுக்கும் பரவும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளி லைனை முதலில் கழற்றியிருக்க வேண்டும்.

கழற்றாமல் செருகினால், ஒரே குழாயில் இரண்டு பக்கமிருந்தும் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான். எக்ஸ்சேஞ்சின் மணி மின்சாரம் அடாப்டருக்குள் பாயும். அடாப்டர் மின்சாரம் கொடுக்கப் பிறந்தது, வாங்கிப் பழக்கமில்லை. பிளாஸ்டிக் தீயும் வாசம் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. "லைன் கட் பண்ணியாச்சு, அதுல என்ன கரண்ட் இருக்கப்போவுது?" என்பார்கள். கட்டணம் நின்றாலும் கம்பி எக்ஸ்சேஞ்சோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

டன்லப் ஸ்திரீட் கடைவீடு

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீடு. கீழே கல்லாவில் ஒரு போன், பின்கட்டில் சரக்கு அறையில் ஒன்று, மாடியில் முதலாளியின் அம்மாவுக்கு ஒன்று. சரக்கு போடுகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழைய எண். திருச்சிக்கும் சென்னைக்கும் அடிக்கடி பேச வேண்டியிருப்பதால் இணையப் போனும் வேண்டும். "ரெண்டும் இருக்கணும்ணே. அம்மாவுக்கு ஒரே போன்தான், அதே இடத்துலதான் இருக்கணும்," என்றார் முதலாளி.

கடைக்குள் லைன் நுழையும் இடத்தில், கதவுக்கு மேலே, நாள்பட்டு மஞ்சளாகிப்போன ஒரு பெட்டி. இரண்டு திருகைக் கழற்றினால் உள்ளே நான்கு நிறக் கம்பிகள். வெளி லைன் வந்து சேர்வதும், கடைக்குள் மூன்று இடங்களுக்குப் பிரிந்து போவதும் அங்கேதான். இவை இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெளி லைனுக்கு ஒரு சாக்கெட் போட்டோம். பக்கத்திலேயே அடாப்டரிலிருந்து வரும் வயருக்கு இன்னொரு சாக்கெட். கடைக்குள் ஓடும் வயரின் முனையில் ஒரே ஒரு பிளக். பிளக்கை இடது பக்கம் செருகினால் பழைய லைன், வலது பக்கம் செருகினால் இணைய லைன். ஒரு பிளக் ஒரே நேரத்தில் இரண்டு துளைக்குள் போகாது. அதனால் இரண்டு மின்சாரமும் சந்திக்க வழியே கிடையாது.

இருவழிச் சுவிட்ச் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் இரண்டு கம்பிகளையும் சேர்த்து மாற்றும் சுவிட்சாக இருக்க வேண்டும். விளக்குக்குப் போடும் சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் மாற்றும். இன்னொரு கம்பி வழியே இரண்டு லைனும் ஒட்டிக்கொண்டே இருக்கும். என் ஓட்டு பிளக்குக்குத்தான். பழுது வந்தாலும், பிளக் எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்த்தவுடன் தெரியும். இரண்டு சாக்கெட், ஒரு பிளக், கொஞ்சம் வயர்: சிம் லிம் டவரில் ஒரே மாடியில் எல்லாம் கிடைத்துவிடும்.

வயரை வெட்டி ஒட்டும் வேலையை, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் பெற்ற வயரிங் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். அடுக்குமாடியில் வீட்டு வாசலுக்கு வெளியே, நடைபாதையில் இருக்கும் பொதுப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். அங்கே ஓடுவது அண்டை வீட்டாரின் லைனும்தான்.

புது வீவக வீடுகளில் வேலை இன்னும் சுலபம். அறைகளில் இருக்கும் அகலமான இணையச் சாக்கெட்டுகளில் சின்ன டெலிபோன் பிளக் நடுவில் பொருந்திக்கொள்ளும். நடுவில் உள்ள நீல ஜோடிக் கம்பியில் போன் ஓடும். எல்லா அறை வயர்களும் வந்து சேரும் பெட்டியில், வேண்டிய அறையின் வயரை மோடத்தின் "டெல்" துளையோடு இணைத்தால் போதும். அதே வயரைக் கணினிக்கும் போனுக்கும் ஒரே சமயத்தில் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

பழைய போன், புதிய பெட்டி

எக்ஸ்சேஞ்சுக்கு இருந்த பலம் அடாப்டருக்கு இல்லை. நிஜ மணி உள்ள பழைய போன்கள் மின்சாரத்தை நிறையக் குடிக்கும். அவற்றில் நாலைந்தை மாட்டினால் மணி முனகும், அல்லது அடிக்கவே அடிக்காது. இப்போதைய போன்கள் அவ்வளவு கேட்பதில்லை. சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில், அது 2017 ஜூலையில் மூடப்படும்வரை, சுழற்றும் போன்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. அழகுக்கு வாங்கியவர்கள் அதை இணைய லைனில் மாட்டிவிட்டு, அழைப்பு வருகிறது, ஆனால் எண் சுழற்றினால் போகவில்லை என்பார்கள். சுழற்றும் தட்டின் துடிப்பைப் பல அடாப்டர்கள் புரிந்துகொள்ளாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்ஸ் மெஷின், திருட்டு அலாரம், முதியோர் அவசரப் பொத்தான் ஆகியவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இவை பழைய லைனை நம்பிச் செய்யப்பட்டிருக்கலாம். பிரிட்டனில் பழைய தொலைபேசி முறையை 2025 இறுதியில் நிறுத்துவதாக இருந்தார்கள். அவசரப் பொத்தான் அணிந்த முதியவர்களைப் பற்றிய கவலை எழுந்தது. 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போட்டார்கள். அவர்களுக்கே அந்தக் கவலை என்றால், நம் வீட்டு ஆச்சியின் பொத்தானை ஒரு தடவை அழுத்திச் சோதிப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

எண் விஷயமும் உண்டு. இணைய அழைப்புக்கென்று 2005-இல் 3-இல் தொடங்கும் எண்களை இங்கே ஒதுக்கினார்கள். 6-இல் தொடங்கும் பழைய எண்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், புதிய நிறுவனத்துக்கு அது மாறிவிட்டது என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகுதான் பழைய லைனை ரத்துசெய்ய வேண்டும். அவசரப்பட்டு ரத்து செய்தால் எண்ணும் போய்விடும்.

கரண்ட் போனால்

பழைய லைனில் வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் புண்ணியத்தில். இணையப் போனில் மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை. கண்ணாடியிழையில் மின்சாரம் வராது, ஒளிதான் வரும். இணையம் மாதிரியே போனும் படுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 2013 அக்டோபர் 9 அன்று புக்கிட் பாஞ்சாங் இணைப்பகத்தில் தீப்பிடித்தபோது இணையமும் பல சேவைகளும் முடங்கின. தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லுக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 8 பிற்பகலில் லேண்ட்லைன் சேவை சில மணி நேரம் தடைபட்டபோது, அவசர எண்களான 995-க்கும் 999-க்கும்கூடச் சிலரால் அழைக்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். இணையப் போனுக்கு மாறுங்கள். மலிவு, தெளிவு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். சுவர் வயரைப் பிடுங்காதீர்கள். வெளி லைனின் முனையில் "வெளி லைன், செருகாதே" என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். நாளை வீட்டுக்கு வர்ணம் அடிக்க வருகிறவருக்கும் அது புரியும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மோடத்துக்கும் அடாப்டருக்கும் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி வைத்துவிடுங்கள்.

உங்கள் லேண்ட்லைன் எந்த ரகம் என்று தெரியாவிட்டால், இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். மோடத்தின் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர் உள்ள சாதாரண போன் ஒன்றின் ரிசீவரை எடுங்கள். டோன் கேட்டால் பழைய லைன். கேட்கவில்லை என்றால் நீங்கள் ஏற்கெனவே இணையப் போனில்தான் இருக்கிறீர்கள். பெரியவர்களின் தலைமாட்டில் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஒன்று எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.