தகடூர் அரண்மனையில் ஒரு தொட்டில்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு, காப்பித் தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை போனால் வெள்ளக்கடை மாதிரி ஒரு மலைக் கிராமத்திலும் சற்று நின்றுவிட்டு வாருங்கள். அந்தச் சேர்வராயன் மலைகளுக்கு வடக்கே இருக்கும் தர்மபுரிக்குத்தான் அந்த நாளில் தகடூர் என்று பெயர். சுமார் 2,000 வருஷங்களுக்கு முன் அங்கே அரசாண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தானே, அவனேதான்!

நெல்லிக்கனிக் கதை உங்களுக்குத் தெரியும். அவன் வீட்டுக் குழந்தையைப் பற்றித் தெரியுமோ?

அதியமானுக்கு மகன் பிறந்தான். போர்க் கோலத்திலேயே வந்து தொட்டிலை எட்டிப் பார்க்கிறான் தகப்பன். கையில் வேல், காலில் கழல், கழுத்தில் ஆறாத புண். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பெற்ற பிள்ளையைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லையாம்! ஔவையார் இதைப் புறநானூற்றின் 100-ஆம் பாட்டில் சொல்கிறார்.

அவ்வளவு கல்நெஞ்சனா? இல்லை. ஆற்றுத் துறையில் படுத்திருக்கும் யானையின் தந்தங்களை ஊர்ப் பிள்ளைகள் தேய்த்துக் கழுவுவார்கள். யானை பேசாமல் இருக்கும். எங்களுக்கு நீ அந்த யானை என்று அவனிடமே சொன்னவரும் ஔவையார்தான். குழந்தையின் மழலைக்கு அர்த்தம் இல்லாவிட்டாலும் தகப்பன் மனம் உருகும்; என் பாட்டையும் அப்படித்தான் நீ கேட்கிறாய் என்று இன்னொரு பாட்டில் சொல்கிறார்.

கடல் கடந்து ரோமாபுரிக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே ஆண் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் பெயர் வைப்பார்கள். காத்து கறுப்பு அண்டாமலிருக்க 'புல்லா' என்ற தாயத்தைக் கழுத்தில் கட்டுவார்கள். வாலிபம் வந்ததும் பையன் அதைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குக் காணிக்கை வைப்பான். நம் பிள்ளைகளுக்கு ஐம்படைத் தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்தும் சின்னஞ் சிறிதாக அதில் தொங்கும்.

ஆனால் தாயத்தைக் கழற்றக்கூட யுத்தம் அவகாசம் கொடுத்ததா? தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் களம் புகுந்தபோது, காலில் கிண்கிணியைக் கழற்றிக் கழல் கட்டியாயிற்று. கழுத்துத் தாலி மட்டும் அப்படியே இருந்ததாம். அன்றுதான் பால் குடி மறந்து சோறு தின்ற பாலகன் என்கிறார் புலவர் இடைக்குன்றூர் கிழார்!

தகடூரும் தப்பவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதை வென்றான். அதியமானின் கோட்டை போயிற்று, கொடி போயிற்று. தொட்டிலருகே நின்ற அந்தச் சிவந்த கண்கள் மட்டும் பாட்டில் இருக்கின்றன.

ஆகையால், வெளியில் பட்ட கோபத்தோடு சாயங்காலம் வீடு திரும்பும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். குழந்தை பார்க்கிற முதல் முகம் உங்களுடையதாக இருக்கலாம் அல்லவா?