ஓட்டுபவரின் முழங்காலுக்கும் இடம் வேண்டும்

என் தாயாருக்கு வாரத்தில் மூன்று நாட்கள் டயாலிசிஸ் சிகிச்சை. அச்சரப்பாக்கத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து செங்கல்பட்டுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர 80, வாரத்துக்கு 240, மாதத்துக்கு ஏறத்தாழ ஆயிரம். அந்த ஆயிரம் கிலோமீட்டரையும் ஓட்டுபவன் நான். என் உயரம் 6 அடி 2 அங்குலம், அதாவது 188 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டரை ஒட்டியது என்பார்கள். பேருந்தின் படிக்கட்டிலும் வீட்டு நிலைப்படியிலும் தலை இடித்துப் பழகியவனுக்கு அந்த வேறுபாடு புதிதல்ல. ஆனால் அது ஒரு நாள் அம்மாவின் உயிரோடு விளையாடக்கூடும் என்று நான் எண்ணியதில்லை.

சிகிச்சை தொடங்கிய புதிதில் அவசரமாக ஒரு பழைய சிறிய கார் வாங்கினோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். அது நல்ல வண்டிதான், எனக்கான வண்டி அல்ல. வாங்கும்போது அம்மா ஏறி இறங்க முடிகிறதா என்று பார்த்தோம், மைலேஜ் கேட்டோம், விலை பேசினோம். ஓட்டப்போகிறவன் அதில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பராமரிப்பவரின் உடலைக் கணக்கில் சேர்க்காத பழக்கம் நம் குடும்பங்களில் ஊறிப்போன ஒன்று.

மூன்றாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, படாளம் கூட்டுச்சாலையை நெருங்கும்போது முன்னே சென்ற லாரி திடீரென வேகம் குறைத்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கி பிரேக்குக்குக் கொண்டுபோகையில் என் வலது முழங்கால் ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் சிக்கிக்கொண்டது. அரை நொடிதான் இருக்கும். வண்டி லாரியின் பின்புறத்துக்கு ஒரு முழ இடைவெளியில் நின்றது. பின்னிருக்கையில் அம்மா கண்மூடிச் சாய்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வீடு வந்து சேர்ந்த பிறகும் கை நடுங்கியது.

அதற்கு முன்பே இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கும் ஒரு மரத்துப்போன உணர்வு இருந்துகொண்டிருந்தது. அம்மா சிகிச்சையில் இருந்த நான்கு மணி நேரத்தில் ஒரு நாள், இயன்முறை மருத்துவப் பிரிவின் வாசலில் போய் நின்றேன். அங்கிருந்த மருத்துவர் என் முதுகைப் பரிசோதித்துவிட்டு, "அண்ணா, உங்க வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டார். வாகன நிறுத்துமிடத்துக்கே வந்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். என் முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் இருந்தன. அவ்வாறு அமரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து, கீழ் முதுகின் இயல்பான வளைவு மறைந்துவிடும். முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் மீது அழுத்தம் கூடும். தலை கூரையில் படாதிருக்கக் கழுத்தும் வளையும். மருந்து எழுதித் தருவதற்கு முன்பு அவர் சொன்னது: "இந்த இருக்கையை மாத்தாம முதுகு சரியாகாது."

இருக்கையை மாற்றுவது என்றதும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை தவறானது. பட்டறை ஒன்றில் இருக்கை நகரும் தடத்தை மூன்று அங்குலம் பின்னே தள்ளி வெல்டிங் செய்து தருவதாகச் சொன்னார்கள். மலிவான வேலை. ஆனால் விபத்தில் ஓட்டுநரைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தடமும் அதைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளும்தான். இருக்கை பின்னே போனால் சீட் பெல்ட் உடலில் படும் கோணமும் மாறிவிடும். தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறான திருத்தங்களை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அனுமதிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றியமைப்பு அதிகாரிகளின் ஒப்புதலோடு செய்யப்படும் தனி வழி. ஆகவே வண்டியையே மாற்றுவது என்று முடிவாயிற்று. கையில் இருந்த பணத்துக்குப் பழைய வண்டிதான்.

உயரமானவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது தம் உயரம் எங்கே இருக்கிறது என்பதை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு உடல் நீளமாகவும் மற்றவருக்குக் கால் நீளமாகவும் இருக்கும். உடல் நீண்டவருக்குக் கூரை உயரம் வேண்டும். கால் நீண்டவருக்கு இருக்கை பின்னே நகரும் தூரம் வேண்டும். எனக்குக் கால்தான் நீளம். அதனால், கூரை உயர்ந்த வண்டி வாங்கினால் போதும் என்று நண்பர்கள் சொன்ன அறிவுரை எனக்குப் பாதிதான் உதவியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவும் அதற்கடுத்த ஆண்டு வந்த வேகன் ஆரும் நம்மிடையே உயரமான சிறுகார் என்ற வடிவத்தைப் பழக்கின. 2019இல் வந்த வேகன் ஆரின் உயரம் 1,675 மில்லிமீட்டர். ஆல்டோ 800இன் உயரம் 1,475. தலைக்கு மேல் அது பெரிய வேறுபாடு. ஆனால் முழங்காலுக்கு முன்னே எவ்வளவு இடம் என்பதை அந்த எண் சொல்லாது. 2019இல் உற்பத்தி நின்ற ஆம்னியில் கூரை போதுமான உயரம். எனினும் எஞ்சினின் மேல் நிமிர்ந்து அமரும் அமைப்பில் நீண்ட கால்களை நீட்ட வழியில்லை.

ஆகவே எண்களை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், ஏறத்தாழ இரண்டு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். துணைக்கு வந்தவர் மதுராந்தகத்தைச் சேர்ந்த ஒரு முதிய மெக்கானிக். "தம்பி, பானெட்டைத் திறக்கிறது என் வேலை. நீங்க முதல்ல உட்காருங்க" என்பார். இயன்முறை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தவற்றை அவர் முன்னிலையில் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பேன்.

அன்றாடம் அணியும் செருப்போ ஷூவோ அதோடுதான் அமர வேண்டும். இருக்கையை இயன்றவரை பின்னே தள்ளி, முதுகு முழுவதும் சாய்மானத்தில் படிய, கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும். அப்போது முழங்கால் சிறிதளவு மடங்கியிருப்பது சரி. விறைத்து நீண்டாலும் தவறு, மார்பை நோக்கி எழுந்தாலும் தவறு. பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை விரைவாகப் பத்து முறை மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கிலோ சாவித் துவாரத்தின் பக்கத்திலோ ஒரு முறை முழங்கால் பட்டாலும் அந்த வண்டி வேண்டாம். படாளத்தில் நான் கற்றது அதுதான்.

மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. ஏர்பேக் விரிவதற்கான இடம் அது. உயரமானவர்களுக்கு இது எளிதில் கிடைத்துவிடும், ஆனால் அதற்குள் கை நீட்டி நீட்டித் தோள் வலிக்கத் தொடங்கும். தோளைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமலே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படுகிறதா என்று பார்த்தால் அது விளங்கிவிடும். ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்க்கும் வசதி இங்கே பெரிதும் கைகொடுக்கும். ஒரே வண்டியின் விலை குறைந்த ரகத்தில் அது பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒரு வண்டி உங்களுக்குப் பொருந்தவில்லை என்று தள்ளிவிடும் முன், அதே வண்டியின் மேல் ரகத்திலும் ஒரு முறை அமர்ந்து பாருங்கள்.

தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போடும்போது அந்த இடம் எங்கே போகிறதென்று தெரியும். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளர் போட்ட தடித்த இருக்கை உறைகளும் மேலே வைத்த மெத்தையும் ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். அவற்றை எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சன்ரூஃப் உள்ள வண்டியிலும் கூரை சற்றுத் தாழ்ந்திருக்கும்.

தலைத்தாங்கியைப் பற்றி நம்மில் பலர் கவலைப்படுவதே இல்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் கழுத்தைக் காப்பது அது ஒன்றுதான். அதன் மேல் விளிம்பு தலை உச்சியை ஒட்டி இருக்க வேண்டும், குறைந்தது காதின் மேற்பகுதி அளவுக்காவது வர வேண்டும். விலை குறைந்த சில ரகங்களில் இருக்கையோடு ஒட்டிய, உயர்த்த முடியாத தலைத்தாங்கி இருக்கிறது; என் உயரத்துக்கு அது பிடரியைத்தான் தாங்கியது. நல்ல விலைக்குக் கிடைத்த இரண்டு வண்டிகளை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டோம்.

இருக்கைத் தடம் முழுதாக நகர்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். குள்ளமான ஒருவர் பத்தாண்டு ஓட்டிய வண்டியில் அந்தத் தடத்தின் பின்பகுதியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு வண்டியில் அங்கே துருவும் மண்ணும் ஒரு பழைய ஐம்பது காசும் சேர்ந்து அடைத்திருந்தன. மெக்கானிக் சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் இருக்கை இரண்டு அங்குலம் கூடுதலாக நகர்ந்தது.

எங்களுக்கு இருந்த பெரிய சிக்கல் வேறு. அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். எனக்கு மிகவும் பிடித்துப்போனது பொலேரோ. அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. நோயாளிக்கு ஏற்ற இருக்கை என்பது, அவர் முதுகைக் காட்டி நின்று உட்காரும்போது ஏறவும் வேண்டாத, விழவும் வேண்டாத உயரத்தில் இருப்பது. முதலில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு இது மிக முக்கியம். முழங்கால் இடுப்பைவிட உயரும் தாழ்ந்த இருக்கைகளை அவர்கள் தவிர்க்குமாறு மருத்துவர்கள் சொல்வது வழக்கம். டயாலிசிஸ் முடிந்து இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும் நாட்களில் சாய்மானம் சற்றுச் சாய வேண்டும். அம்மாவுக்கு அப்போது கழுத்தின் வலப்புறம் குழாய் பொருத்தியிருந்தார்கள். பின்னிருக்கையில் இடப்பக்கம் அமர்ந்தால் சீட் பெல்ட் இடது தோள் வழியே வரும், குழாயை அழுத்தாது என்று டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் சொல்லித் தந்தார். அதிலே எனக்கும் ஒரு நன்மை: இடப்பக்கம் அம்மா அமர்ந்தால், வலப்பக்கம் என் இருக்கையை எவ்வளவு பின்னே தள்ளினாலும் அவர் காலுக்கு இடைஞ்சல் இல்லை.

இறுதியில் வாங்கியது எட்டாண்டு ஓடிய ஓர் எர்டிகா. அதன் நடு வரிசை முன்பின் நகரும், சாயும். எனக்குப் பொருந்தியது எல்லா உயரமானவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். என்னைவிட உடல் நீண்ட என் நண்பர் அதே வண்டியில் அமர்ந்துவிட்டு முகம் சுளித்தார்.

நம் பகுதியில் பழைய வண்டி வாங்குவோர் இரண்டு நீர்களுக்கு அஞ்ச வேண்டும். ஒன்று வெள்ளம்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக் கோடு தெரியலாம். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்க்கலாம். மற்றது கடல்: மாமல்லபுரம், கோவளம் கரையோரத்தில் நெடுங்காலம் நின்ற வண்டியின் அடிப்பாகத்தை உப்புக்காற்று அரித்திருக்கும். இருக்கையின் போல்ட்டுகள் பிணைந்திருப்பதும் அந்த அடிப்பாகத்தில்தான்.

அச்சையும் பார்த்தோம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் அச்சு இற்று நின்ற இடம் எங்கள் ஊர் என்பது தலபுராணம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். "அச்சு முறிஞ்ச ஊருக்காரர் அச்சைப் பார்க்காம வாங்கலாமா?" என்று சிரித்தபடியே, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வட்டமடிக்கச் சொன்னார் மெக்கானிக். 'டக்டக்' என்ற ஒலி கேட்டால் முன்சக்கர அச்சின் இணைப்பு தேய்ந்துள்ளது என்று பொருள். கேட்கவில்லை.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பம். கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35. வாங்கிய 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம். 14 நாட்களுக்குள் காப்பீட்டை மாற்றக் கோருதல். மருத்துவமனை அலைச்சலில் இவற்றைத் தள்ளிப்போடும் எண்ணம் வரும். விபத்தென்று ஒன்று நேர்ந்தால் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

வேலூருக்கோ மதுரைக்கோ சிகிச்சைக்குச் செல்லும் நெடும்பயணங்களுக்கு ஒரு சொல். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் காலின் இரத்தநாளங்களில் உறைகட்டி தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களுக்கும் 160க்குக் குறைந்தவர்களுக்கும் அது மேலும் கூடும் என்றும் அது குறிப்பிட்டது. எங்கள் வண்டியில் நானும் அம்மாவும் அந்த இரு முனைகளுக்கு அருகே இருக்கிறோம். ஆகவே மணிக்கு ஒரு முறை நிறுத்தி, இருவரும் இறங்கிச் சற்று நடக்கிறோம். அம்மாவுக்குத் தண்ணீர் அளவு உண்டு. தேநீர் எனக்கு மட்டும்.

என் முதுகு முற்றிலும் குணமாகிவிடவில்லை. கால் மரத்துப்போவது நின்றிருக்கிறது. மாதத்தில் ஓரிரு நாட்கள் அக்காவின் கணவர் ஓட்டுவார். அவர் உயரம் 5 அடி 4 அங்குலம். அவர் முன்னே இழுத்த இருக்கையை மறுநாள் விடியற்காலையில் நான் கவனியாமல் கிளம்பிவிடக் கூடாதென்று, தடத்தின் ஓரத்தில் அக்காவின் சிவப்பு நகப்பூச்சால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறோம். பின்கோடு என்னுடையது.